பதினான்கு

மாதத்தின் முதல் செவ்வாய், பிற்பகல் மூன்று மணி.
மின்வாரியம் தரும் கரண்டை
என் கையாலேயே கொல்கிறேன்.
மற்றது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க
வேறு வழி கிடையாது.

குலசேகரம். நூற்றிருபது படுக்கை.
பின்னால் ரப்பர் தோட்டம், அதற்கப்பால் தோடு.
ஜெனரேட்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே வைக்காதே
என்கிறது விதி.
நாலு வருஷம் முன்பு ஓர் ஐப்பசியில் தோடு உள்ளே வந்து
பழைய எஞ்சினின் கழுத்துவரை நின்றது.
சேற்றுக்கோடு சுவரில் இன்னும் இருக்கிறது.
வெள்ளையடிக்க வந்தவரிடம்
அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

விதிகளை வாசிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம்:
அறுவை அரங்குக்கு அரை நொடி என்று எழுதியவர்
எந்த ஊரில், எந்த மேஜையருகில்
டார்ச் பிடித்து நின்றிருப்பார்?
இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் போகக்கூடாதாம்.
எந்த ஜேசிபி ஒரே வாயில் இரண்டையும் கடித்தது?
டீசல் இருபத்துநாலு மணி நேரத்துக்குக் குறையக்கூடாதாம்.
இருபத்துமூன்றாவது மணியில் என்ன நடந்தது?
ஒவ்வொரு வரிக்கும் கீழே யாரோ படுத்திருக்கிறார்கள்.
பெயர் போடுவதில்லை.
நாலு புள்ளி மூன்று, உட்பிரிவு ஆ.

சிவப்பு சாக்கெட் எதற்கென்று
எத்தனை தடவை சொல்லியாயிற்று.
டிசம்பரில், குழந்தைகள் பிரிவு வராந்தாவில்
ஷெர்லின் சிஸ்டர் குடில் கட்டி
சீரியல் செட்டைச் சிவப்பில் சொருகியிருந்தார்.
பிடுங்கினேன்.
நட்சத்திரம் அணைந்தது.
மூன்று ஞானிகளும் நடுவழியில் நின்றார்கள்.
"பெத்லகேம்லயும் கரண்டு கெடயாதாக்கும்" என்றேன்.
இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி காற்று.
திருவட்டாறு பக்கம் ரப்பர் மரம் லைன்மேல் சாய்ந்ததென்று
பிறகுதான் சுயம்புலிங்கம் போனில் சொன்னார்.

பத்து நொடி என்கிறது விதி.
ஒன்று. ரிலே தட்டியது.
மூன்று. ஸ்டார்ட்டர் இருமியது.
ஐந்து. இருமி நின்றது.
பாட்டரிக்குத் தண்ணீர் பார்க்கவேண்டியவன் நான்.
ஏழு.
எட்டில் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை,
உள்ளங்கையில் ஸ்பானரின் பல் பதிந்திருந்தது
காலையில்தான் தெரிந்தது.
ஒன்பது. பத்து.
பத்துக்குப் பிறகு விதியில் ஒன்றும் எழுதவில்லை.

மேலே, அருமனை ரெஜிலாவின் பிள்ளை.
ஆயிரத்து இருநூறு கிராம்.
வென்டிலேட்டரின் பாட்டரி கீச்சென்று கத்தி அடங்க,
சிஸ்டர் ஆம்பு பையை எடுத்து
இரண்டு விரலால் அழுத்தத் தொடங்கியிருந்தார்.
இருட்டில் கைக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.
"மாசாமாசம் நீங்க அணைப்பியளே,
அப்பம் கண்ண மூடிப் படிச்சதாக்கும்."

பதினான்காவது நொடியில் எஞ்சின் பிடித்தது.

காலையில் மேனேஜர் ஞானசிகாமணி
பேனாவை என் பக்கம் நீட்டினார்.
"ஆய்வுக்கு ஆள் வரும். ஒம்பதுன்னு போடும் ஓய்.
பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல்லயே."

ஆகவில்லை.
அதனால்தான் இந்த நாலு நொடிக்கு
இதுவரை ஒருவரும் கீழே படுக்கவில்லை.
காசோலையில் போடுவதுபோல்
எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்: 14, பதினான்கு.
காரணம்: பாட்டரி பராமரிப்பில் தவறு.
தவறியவர் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.
ஓரத்தில், சாய்வாக, இடம் போதாமல் எழுதியிருக்கிறேன்.

இன்று செவ்வாய். மூன்றாக ஒரு நிமிடம்.
பாட்டரி புதிது.
இன்டர்காமில் சிஸ்டர்:
"ரெடி. கண்ண மூடியாச்சு."

கைப்பிடியை இழுக்கிறேன்.
ஒன்று.